ஜார்ஜ் மைக்கேல்: பிம்பம், கூட்டுப் பாடல்கள், பாலீர்ப்பு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டிசம்பர் பிறந்ததும் கடைகளில் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' ஒலிக்க ஆரம்பித்துவிடும். கூடவே அதைப் பாடிய பிரிட்டிஷ் பாடகர் ஜார்ஜ் மைக்கேலைப் பற்றிய பழைய சந்தேகங்களும் கிளம்பிவிடும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பாலீர்ப்பு பற்றிய பதில்களுக்கு ஒரே அளவுகோல்தான்: அவர் தன் வாயால் வெளிப்படையாகச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டோம். நடையையும் உடையையும் பாட்டு வரியையும் வைத்து ஊகித்ததைச் சேர்க்கவில்லை.

ஜார்ஜ் மைக்கேலும் வாம்! குழுவும் ஒண்ணா? ரெண்டும் வேற வேறயா?

வாம்! என்பது இரண்டு பேர்: ஜார்ஜ் மைக்கேல், ஆண்ட்ரூ ரிட்ஜ்லி. லண்டனுக்கு வடக்கே உள்ள புஷி மீட்ஸ் பள்ளியில் 1975-இல் நண்பர்கள் ஆனவர்கள். 1981-இல் குழுவைத் தொடங்கினார்கள். 1986 ஜூன் 28 அன்று வெம்பிளி மைதானத்தில் 72,000 பேர் முன்னால் பாடி முடித்துக்கொண்டார்கள். சண்டை போட்டுப் பிரியவில்லை. பதின்வயதினருக்கான துள்ளல் இசையில் நண்பனோடு செய்ய நினைத்ததைச் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 2016 வரை ஜார்ஜ் மைக்கேல் தனிப் பாடகர்.

அது அவரோட நிஜப் பேரா?

இல்லை. இயற்பெயர் யோர்கோஸ் கிரியாகோஸ் பனாயியோட்டு. அப்பா சைப்ரஸிலிருந்து வந்து உணவகம் நடத்திய கிரேக்கர், அம்மா ஆங்கிலேயப் பெண். 1963 ஜூன் 25 அன்று லண்டன் ஈஸ்ட் ஃபின்ச்லியில் பிறந்தார். நெருங்கியவர்களுக்குக் கடைசிவரை அவர் 'யோக்'தான். நீதிமன்றத்திலும் பழைய பெயர்தான்: தன் இசை நிறுவனமான சோனி மீது அவர் போட்ட வழக்கு சட்டப் புத்தகங்களில் 'பனாயியோட்டு எதிர் சோனி' என்றே பதிவாகியிருக்கிறது.

'கேர்லெஸ் விஸ்பர்' வாம்! பாட்டா, தனிப் பாட்டா? அந்த சாக்ஸபோனை வாசிச்சது அவரேவா?

பிரிட்டனில் 1984-இல் ஜார்ஜ் மைக்கேலின் தனிப் பாட்டாக வந்தது. அமெரிக்காவில் அதே பாட்டு 'வாம்!, உடன் ஜார்ஜ் மைக்கேல்' என்ற பெயரில் வந்தது. ஒரே பாட்டுக்கு இரண்டு பெயர் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். எழுதியவர்கள் என்று இருவர் பெயரும் இருக்கிறது. எழுதியபோது ஜார்ஜுக்கு 17 வயது.

சாக்ஸபோன் வாசித்தது ஸ்டீவ் கிரிகரி. இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் அமெரிக்காவின் மஸில் ஷோல்ஸில் ஒரு பதிவு நடந்தது. ஜார்ஜுக்குத் திருப்தி இல்லை, தூக்கிப் போட்டுவிட்டு லண்டனில் தானே மறுபடி எடுத்தார். பல சாக்ஸபோன்காரர்கள் வந்து வாசித்தும் அந்த மெட்டு வழுக்கிக்கொண்டு வரவில்லை. கிரிகரி கையில் இருந்த பழைய சாக்ஸபோனில் உச்ச ஸ்வரத்துக்கான சாவி கிடையாது. அதனால் டேப்பின் வேகத்தைக் குறைத்துப் பாட்டை அரை ஸ்வரம் இறக்கினார்கள். அவர் அந்தச் சுருதியில் வாசித்தார். பிறகு டேப்பைப் பழைய வேகத்துக்கே ஏற்றினார்கள். வழக்கமான சாக்ஸபோனைவிட அது கொஞ்சம் மெலிந்து கூர்மையாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

வாம்! காலத்துல எதுக்கு அந்த அரை டிரவுசர், பளிச் சிரிப்பெல்லாம்? அவருக்கு அது புடிச்சிருந்ததா?

அது திட்டமிட்ட தோற்றம். ஆரம்பத்தில் அவர்கள் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்ட வேலையில்லாப் பட்டதாரி மாதிரித்தான் வந்தார்கள். முதல் பாட்டே வேலையில்லாத இளைஞர்களைப் பற்றிய ராப். 1983-இல் 'கிளப் டிராபிகானா' வந்தபோது நீச்சல்குளம், வெயில், வெள்ளை உடை என்று மொத்தமாக மாறினார்கள். அந்த ஆண்டு மேடைப் பயணத்தில் இறகுப் பந்தை டிரவுசருக்குள் செருகிக்கொண்டு, வெளியே எடுத்துக் கூட்டத்தை நோக்கி அடிப்பார்கள். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பதின்வயதுப் பெண்கள் என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். 'சூஸ் லைஃப்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட வெள்ளைச் சட்டை, வடிவமைப்பாளர் காத்தரின் ஹாம்னெட்டின் கைவேலை.

தோல் ஜாக்கெட், கிழிஞ்ச ஜீன்ஸ், ஒரு காதுல சிலுவை. அந்த 'ஃபெய்த்' ஸ்டைல் நிஜமா, வேஷமா?

வேஷம்தான், ஆனால் அவரே தைத்த வேஷம். 1987-இல் குழுப் பாடகர் என்ற பெயரைக் கழற்ற வேண்டியிருந்தது. மூன்று நாள் தாடி, கறுப்புக் கண்ணாடி, கௌபாய் பூட்ஸ், ஜாக்கெட் தோளில் ஒரு சரம் முத்து என்று வளர்ந்த ஆணின் உருவம் ஒன்றைக் கட்டினார். 'ஃபெய்த்' பாட்டின் தொடக்கத்தில் தேவாலய ஆர்கன் வாசிக்கும் மெட்டைக் கவனித்துக் கேளுங்கள். அது வாம்!மின் 'ஃப்ரீடம்' பாட்டு. பழைய குழுவுக்கு இறுதிச் சடங்கு நடத்திவிட்டுத்தான் கிட்டார் ஆரம்பிக்கிறது.

இந்த வேஷம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வேலை செய்தது. 'ஃபெய்த்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. 1989-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. அதே ஆண்டு அமெரிக்கன் மியூசிக் விருதுகளில் சோல் பிரிவிலும் பரிசு கொடுத்தார்கள். அது கறுப்பினக் கலைஞர்களுக்கான இடம் என்று சிலர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. பிம்பம் தன் கையை விட்டுப் போய்விட்டது என்று அவர் உணர்ந்தது இந்தக் கட்டத்தில்.

அப்புறம் ஏன் வீடியோவுல முகமே காட்டாம போனார்?

1990-இல் 'லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ்' வந்தபோது அட்டையில் அவர் படம் இல்லை. 'பிரேயிங் ஃபார் டைம்' வீடியோவில் பாடல் வரிகள் மட்டும் திரையில் ஓடும். 'ஃப்ரீடம்! 90' வீடியோவில் நவோமி கேம்ப்பெல், லிண்டா எவாஞ்சலிஸ்டா, கிறிஸ்டி டர்லிங்டன், சிண்டி கிராஃபோர்ட், தத்யானா பாட்டிட்ஸ் ஆகிய ஐந்து மாடல்கள் அவருக்குப் பதிலாக வாயசைத்தார்கள். பிரிட்டிஷ் வோக் இதழின் 1990 ஜனவரி அட்டையில் இந்த ஐவரையும் சேர்த்துப் பார்த்ததிலிருந்து பிறந்த யோசனை அது. இயக்கியவர் டேவிட் ஃபின்ச்சர். சினிமாவுக்குப் போகாத காலம்.

அந்த வீடியோவில் 'ஃபெய்த்' ஜாக்கெட் தீப்பிடித்து எரிகிறது, ஜூக்பாக்ஸ் வெடிக்கிறது, கிட்டாரும் வெடிக்கிறது. 'வெட்கப்பட்டார்', 'குண்டாகிவிட்டார்' என்று அப்போது எழுதினார்கள். உண்மையில் அவர் செய்தது, தான் கட்டிய உருவத்தைத் தானே இடித்தது.

சோனி மேல கேஸ் போட்டாரே, ஜெயிச்சாரா?

தோற்றார். முந்தைய பதிலில் சொன்ன அந்த ஆல்பத்தை நிறுவனம் சரியாக விளம்பரப்படுத்தவில்லை, ஒப்பந்தம் தன்னைத் தொழில் செய்யவிடாமல் கட்டிப்போடுகிறது என்பது அவர் வாதம். 1992-இல் வழக்கு, 1994 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அனுபவமுள்ள ஆலோசகர்களை வைத்துக்கொண்டு பேசி முடித்த ஒப்பந்தம், நியாயமானதே என்றார் நீதிபதி. 1995-இல் வர்ஜின், டிரீம்வொர்க்ஸ் நிறுவனங்கள் அவரை எடுத்துக்கொண்டன. 1996-இல் 'ஃபாஸ்ட்லவ்' வீடியோவில் ஒரு ஹெட்ஃபோன் வரும். அதில் சோனியின் எழுத்து வடிவத்திலேயே 'ஃபோனி', அதாவது போலி, என்று எழுதியிருக்கும். பிறகு 2004-இல் 'பேஷன்ஸ்' ஆல்பத்தை அதே சோனியிடம்தான் கொடுத்தார்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க: அவர் கேயா, பையா?

கே, அதாவது தன்பாலீர்ப்பாளர். 1998-இல் அவரே தொலைக்காட்சியில் சொன்னார். இருபதுகளில் தன்னை 'பை', அதாவது ஆண் பெண் இருவர் மீதும் ஈர்ப்புள்ள இருபாலீர்ப்பாளராக நினைத்திருந்ததாகவும், 1991-இல் சந்தித்த ஓர் ஆணை உண்மையாகக் காதலித்தபோதுதான் அந்தக் குழப்பம் தீர்ந்ததாகவும் பிற்காலப் பேட்டிகளில் விளக்கினார்.

இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது? பேப்பர்ல போடுற வார்த்தை ஒரு மாதிரி இருக்கே?

'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற பழைய செய்தித்தாள் சொல், ஒருவரின் ஈர்ப்பை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பேசுகிறது. அதனால் 'தன்பாலீர்ப்பாளர்', 'இருபாலீர்ப்பாளர்' என்பவையே இப்போது புழக்கத்துக்கு வருகின்றன. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றையொட்டித் தமிழ்நாடு அரசு 2022-இல் இதற்கென ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. பேச்சில் 'கே' என்றாலும் தவறில்லை, அவர் பயன்படுத்தியதும் அதைத்தான்.

கூட இருந்தவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

தெரியும். 1983-இல் இபிசா தீவில் 'கிளப் டிராபிகானா' படப்பிடிப்பு நடந்தபோது, 19 வயதில், ஆண்ட்ரூவிடமும் பின்பாட்டுப் பாடிய ஷர்லியிடமும் தனக்கு ஆண்கள் மீதும் ஈர்ப்பு உண்டு என்று சொல்லிவிட்டார். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவிடம் மட்டும் இப்போது சொல்லாதே என்றார்கள். பெற்றோருக்குத் தெரிந்தது பத்து ஆண்டு கழித்து, காதலரின் மரணத்துக்குப் பிறகு.

எல்டன் ஜான், ஃப்ரெடி மெர்க்குரி எல்லாம் இருந்தாங்களே, இவர் மட்டும் ஏன் பயந்தார்?

அவர்களும் அவ்வளவு திறந்து இருக்கவில்லை. எல்டன் 1976-இல் தன்னை இருபாலீர்ப்பாளர் என்று சொன்னார். 1984-இல் ஒரு பெண்ணை மணந்தார். குவீன் குழுவின் பாடகரான ஃப்ரெடி கடைசிவரை வெளிப்படையாகப் பேசவில்லை. எய்ட்ஸ் இருப்பதை அறிவித்ததே இறப்பதற்கு முந்தைய நாள், 1991 நவம்பர் 23. துணிந்து சொன்னவர்கள் உண்டு. பிரான்ஸ்கி பீட் குழுவின் ஜிம்மி சோமர்வில் 1984-இலேயே அதைப் பாட்டாகப் பாடினார். ஆனால் அவரை விற்ற சந்தை வேறு, வாம்!மை விற்ற சந்தை வேறு.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1967-இல் தன்பால் உறவு குற்றமல்ல என்று ஆனது 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டும். இபிசாவில் நண்பர்களிடம் சொன்ன அந்த 19 வயதுப் பையன், சொந்த ஊரில் ஓர் ஆணோடு உறவு வைத்திருந்தால் சட்டப்படி குற்றம். 1994-இல் அது 18 ஆனது. 16 என்று எல்லோருக்கும் சமமானது 2001-இல்தான். இடையில் 1988-இல் உள்ளாட்சி அமைப்புகளும் பள்ளிகளும் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று 28-ஆம் பிரிவு வேறு வந்தது.

அவரே சொன்ன காரணம் இன்னும் எளிமையானது: அம்மா. எய்ட்ஸ் செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்த காலத்தில் மகனைப் பற்றித் தெரிந்தால் அம்மா ஒவ்வொரு நாளும் பயந்தே சாவார் என்று நினைத்ததாகச் சொன்னார். அம்மா 1997-இல் புற்றுநோயால் இறந்தார்.

அப்போ பெண்களோட பழகினதெல்லாம் நாடகமா?

அவர் அப்படிச் சொல்லவில்லை. 'ஐ வான்ட் யுவர் செக்ஸ்' வீடியோவில் வரும் பெண் அப்போது அவருடைய காதலி. அந்த உறவு உண்மையானதே என்றுதான் பின்னாளிலும் பேசினார். முன்பு பெண்களோடு உறவு இருந்ததும், பிறகு தன்னைக் கே என்று அறிந்துகொண்டதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. அந்த வீடியோவில் காதலியின் முதுகில் லிப்ஸ்டிக்கால் 'ஒருவரோடு மட்டும்' என்ற பொருளில் எழுதுவார். எய்ட்ஸ் பயத்துக்கும் தணிக்கைக்கும் சேர்த்து எழுதிய பதில் அது. அப்படியும் பிபிசி பகலில் அந்தப் பாட்டைப் போட மறுத்தது.

1998-ல என்னதான் நடந்தது?

1998 ஏப்ரல் 7 அன்று பெவர்லி ஹில்ஸில் வில் ரோஜர்ஸ் பூங்காவின் பொதுக் கழிப்பறையில், சாதாரண உடையில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் அவரைக் கைது செய்தார். பொது இடத்தில் ஆபாசச் செயல் என்பது குற்றச்சாட்டு. அவர் எதிர்த்து வாதாடவில்லை. 810 டாலர் அபராதம், 80 மணி நேரச் சமூக சேவை. லண்டன் 'சன்' நாளிதழ் அவருடைய பழைய ஹிட்டான 'வேக் மீ அப் பிஃபோர் யூ கோ கோ'வை உல்டா செய்து 'ஜிப் மீ அப் பிஃபோர் யூ கோ கோ' என்று தலைப்பு போட்டது.

மூன்று நாள் கழித்து சிஎன்என் பேட்டியில் உட்கார்ந்தார். செய்தது முட்டாள்தனம் என்றார். ஆனால் ஓர் ஆணோடு வாழ்வதை மறைக்கப்போவதில்லை, ஏறக்குறைய பத்தாண்டுகளாகப் பெண்களோடு உறவு இல்லை என்றும் சொன்னார். வெட்கப்பட்டது எதற்கு, வெட்கப்படாதது எதற்கு என்று அவர் பிரித்துக் காட்டியதைப் பலர் இன்னும் பிரிப்பதில்லை. அதனால்தான் 'கே என்பதற்காகக் கைது செய்தார்கள்' என்று தவறாகச் சொல்கிறார்கள்.

அதையே வெச்சு பாட்டு போட்டாராமே?

'அவுட்சைட்', அதே ஆண்டு அக்டோபர். வீடியோவில் கழிப்பறைச் சுவர் சுழன்று டிஸ்கோ ஆகும். கூரையிலிருந்து கண்ணாடிப் பந்து தொங்கும். போலீஸ் உடையில் அவரே லத்தியைச் சுழற்றி ஆடுவார். பிரிட்டனில் 2-ஆம் இடம் பிடித்தது. கைது செய்த போலீஸ்காரர் தன்னை அவமதித்ததாக வழக்குப் போட்டார், தோற்றார். கிண்டல் செய்ய வந்தவர்களைவிடப் பெரிதாகத் தானே கிண்டல் செய்துவிட்டால் அவர்களுக்கு வேலை இருக்காது. 'சன்'னுக்கு அதன் பிறகு சொல்ல அதிகம் மிச்சமில்லை.

யார் யாரோட சேர்ந்து பாடியிருக்கார்? முக்கியமானது எது?

அமெரிக்க சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினோடு 1987-இல் பாடிய 'ஐ நியூ யூ வேர் வெயிட்டிங்'தான் திருப்புமுனை. ஜார்ஜ் எழுதாத பாட்டு. சைமன் கிளைமியும் டென்னிஸ் மோர்கனும் எழுதியது. 23 வயதில் அரீத்தாவோடு நிற்கும்போது போட்டி போட முயன்றிருந்தால் அடிபட்டிருப்பார். கவனித்துக் கேட்டால், அரீத்தா உச்சத்துக்குப் போகும் இடங்களில் இவர் ஒதுங்கி நிற்பது தெரியும். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம். பிரிட்டனில் அரீத்தா முதலிடம் பிடித்த ஒரே பாட்டும் அதுதான்.

எல்டன் ஜானோடு 'டோன்ட் லெட் த சன் கோ டவுன் ஆன் மீ' பாடியது 1985 லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில் தொடங்கியது. 1991 மார்ச்சில் வெம்பிளி அரங்கில் எதிர்பாராமல் எல்டன் மேடையேறியபோது எடுத்த பதிவுதான் பிறகு வெளிவந்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. வருமானம் பத்து அறக்கட்டளைகளுக்குப் போனது. இவற்றோடு ஆஸ்ட்ரூட் ஜில்பர்ட்டோ (1996), மேரி ஜே. பிளைஜ் (1999), விட்னி ஹூஸ்டன் (2000), பால் மெக்கார்ட்னி என்று பட்டியல் நீளும். பிறர் பாட்டில் பெயர் வராமல் பின்பாட்டுப் பாடியதும் உண்டு.

ஃப்ரெடி அஞ்சலி நிகழ்ச்சியில அவர் பாடினதை ஏன் இவ்வளவு பேசறாங்க?

1992 ஏப்ரல் 20, வெம்பிளி. குவீன் குழுவோடு 'சம்படி டு லவ்'. ஃப்ரெடியின் பாட்டை ஃப்ரெடியைப் போல நடிக்காமல், குறையாமலும் பாடினார் என்பது ஒரு காரணம். மற்றது பல ஆண்டு கழித்தே வெளியே வந்தது. பிரேசில்காரரான அவர் காதலருக்கு அப்போது எச்ஐவி தொற்று இருந்தது. 1991 ஜனவரியில் ரியோ இசை விழாவில் சந்தித்தவர்கள். எய்ட்ஸால் இறந்த ஒருவருக்கான அஞ்சலி மேடையில், அதே நோய் தன் வீட்டுக்குள் வந்திருப்பதை யாரிடமும் சொல்லாமல் நின்று பாடியிருக்கிறார். காதலர் 1993 மார்ச்சில் இறந்தார். அன்று பாடியதன் பதிவு 1993-இல் 'ஃபைவ் லைவ்' தொகுப்பில் வந்து, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பணம் ஃப்ரெடி பெயரிலான எய்ட்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றது.

கேன்னு தெரிஞ்சதால மார்க்கெட் போச்சா?

பிரிட்டனில் போகவில்லை. அமெரிக்காவில் அவருடைய இறக்கம் 1998-க்கு முன்பே, சோனி வழக்குக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. முகம் காட்டாதது, வழக்கால் புதுப் பாட்டு வராதது, ரசனை மாறியது எல்லாம் சேர்ந்த விளைவு. கைதுக்குப் பிறகு அது கெட்டிப்பட்டது என்று சொல்லலாம். மேரி ஜே. பிளைஜோடு பாடிய 'ஆஸ்' பிரிட்டனில் 4-ஆம் இடம் வந்தும் அமெரிக்காவில் தனிப்பாட்டாக வெளியாகவே இல்லை.

எய்ட்ஸ்லதானே செத்தார்?

இல்லை. 2016 டிசம்பர் 25 அன்று ஆக்ஸ்ஃபர்டுஷயரின் கோரிங் ஊரில் தன் வீட்டில் இறந்தார், வயது 53. இதயத் தசை விரிவும் அழற்சியும் கொழுப்புக் கல்லீரலும் காரணம், இயற்கை மரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2017 மார்ச்சில் அறிவித்தார்.

அவரோட காதல் பாட்டெல்லாம் ஆணைப் பத்தியா, பெண்ணைப் பத்தியா?

'லாஸ்ட் கிறிஸ்மஸ்', 'கேர்லெஸ் விஸ்பர்', 'எ டிஃபரன்ட் கார்னர்' எல்லாமே 'நீ' என்று பேசுகிற பாட்டுகள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் தமிழ் 'நீ' போலவே ஆணையும் காட்டாது, பெண்ணையும் காட்டாது. வீடியோவில் பெண் வருவது வீடியோவின் முடிவு. அதை வைத்துக்கொண்டு 'இது ரகசியமாக ஆணுக்கு எழுதியது' என்று பின்னோக்கித் துப்புத் துலக்குவது வீண். 17 வயதுப் பையன் எழுதிய பாட்டில் 30 வயது மனிதனின் அறிவிப்பைத் தேட முடியாது.

விதிவிலக்கு, அவரே சொன்னவை. 'ஜீசஸ் டு எ சைல்ட்' (1996) மேலே சொன்ன காதலருக்கான இரங்கல். அது வந்த 'ஓல்டர்' ஆல்பத்தை அவர் நினைவுக்கும், பிரேசில் இசையமைப்பாளர் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமுக்கும் காணிக்கையாக்கினார். பாட்டின் அடியில் பிரேசிலின் போஸா நோவா தாளம் மெல்ல ஓடுவது தற்செயல் அல்ல. அந்தப் பாட்டின் உரிமத் தொகை குழந்தைகளுக்கான சைல்ட்லைன் அமைப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜார்ஜ் இறந்த பிறகுதான் அது ஊருக்குத் தெரிந்தது.

நான் புதுசு. ஒரு மணி நேரம்தான் இருக்கு, எதை எந்த வரிசையில பார்க்கணும்?

'ஃபெய்த்', அடுத்து 'ஃப்ரீடம்! 90', அடுத்து 'ஃபாஸ்ட்லவ்', அடுத்து 'அவுட்சைட்'. முதல் வீடியோவில் ஜூக்பாக்ஸையும் ஜாக்கெட்டையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதில் அவற்றின் கதி தெரியும். மூன்றாவதில் ஹெட்ஃபோனைத் தவறவிடாதீர்கள். மீதி நேரத்தில் 1992 அஞ்சலி நிகழ்ச்சியைவிட அதன் ஒத்திகைப் பதிவைத் தேடிப் பாருங்கள். ஒத்திகைக்கே அவர் முழுக் குரலில் பாடுகிறார். ஓரமாக நின்று டேவிட் போவி தலையசைத்துக்கொண்டிருக்கிறார்.